நசுங்காத எலுமிச்சம்பழம்

தெரியாத எண்ணிலிருந்து கைப்பேசி அடித்தால் இன்னும் முதலில் என் மகன் எங்கே என்றுதான் பார்க்கிறேன். அப்படி ஓர் அழைப்பில்தான் அந்தச் சேதி வந்தது. பாகலூர் சாலையில், மழையில், என் மகனின் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. முழங்கையில் தையல், அவ்வளவுதான். மருத்துவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். ஆனால் அவன் அதன்பிறகு ஸ்கூட்டரைத் தொடவில்லை. கல்லூரிக்குப் பேருந்தில் போய் வருகிறான். வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து தன் ரிமோட் டிரக்கைப் பிரித்துப் போட்டுக்கொள்கிறான். நிஜ டிரக்கை அப்படியே சுருக்கியது போன்ற பொம்மை. கல்லும் மேடும் ஏறுவதற்காக அதற்கு டயர் மாற்றுகிறான், ஸ்பிரிங் மாற்றுகிறான். நேற்று முன்சக்கரங்களுக்குள் ஈயத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா இதெல்லாம்?" என்றேன்.

"வெயிட்டு கீழ இருந்தா வண்டி கவுறாதும்மா" என்றான், தலை நிமிராமல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதையே நான் என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் மாநில எல்லையோரம் ஜூஜுவாடியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா லாரி டிரைவர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கருங்கல் பாளங்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வரை போவார். போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர் அந்தப் புரட்டாசியில் மட்டும் வீட்டைவிட்டு நகரவே இல்லை. கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு, நெடுஞ்சாலைக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். "அப்பாவுக்கு லீவு" என்று அம்மா சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. லைனில் வேறு யார் அப்பாவுக்கும் இவ்வளவு நீளமான லீவு கிடைத்ததில்லை.

தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்தது எனக்குச் சொல்லப்படவில்லை. சங்கிலி நழுவி, பாளம் ஒரு பக்கமாகச் சரிந்து, வண்டியையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லாரியைச் சரிசெய்து ஷெட்டில் நிறுத்திவிட்டு முதலாளி ஆள் மேல் ஆளாக அனுப்பினார். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. அவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பாரா என்பதுதான் அம்மா இரவும் பகலும் நெஞ்சில் வைத்திருந்த கேள்வி.

எனக்கு வேறு கவலை இருந்தது. அம்மாவின் தம்பி எங்களோடு தங்கித் தொழிற்பேட்டையில் கருவிகள் செய்யும் டூல்ரூம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த மாமா பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து பழைய ரிமோட் டிரக் ஒன்றை எனக்கு வாங்கி வந்திருந்தார். சிமெண்ட் தரையில் அது ராஜாவாக ஓடியது. ஆனால் எங்கள் லைனில் சிமெண்ட் தரை வாசற்படியோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் செம்மண்ணும், வீடு கட்ட யாரோ கொட்டிவிட்டு மறந்துபோன கல் குவியலும்தான். குவியலைப் பார்த்ததும் டிரக் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே அழும்.

மாமா விடுகிற ஆள் இல்லை. வழுக்குகிற பிளாஸ்டிக் டயர்களுக்கு சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் சுழற்சியெல்லாம் அதற்கே போய்விடுகிறது என்று கண்டுபிடித்து, பின் அச்சின் பல்சக்கரங்களுக்குள் பசையை ஊற்றி இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி செய்தார். கடைசியாக, பிடிப்பு வேண்டும் என்று டயர் கடையிலிருந்து ஈயத் துண்டுகள் வாங்கி வந்து டிரக்கின் முதுகில் ஏற்றிக் கட்டினார். அது கம்பீரமாகக் குவியலில் ஏறி, பாதியில் மல்லாந்தது. நிமிர்த்தினோம். மறுபடி மல்லாந்தது.

"டேய், கம்பெனியிலயும் இப்படித்தான் வேல பாக்கறியா?" என்றாள் அம்மா.

"சும்மா இரு அக்கா. சோதனைன்னா நாலு தரம் கவுறத்தான் கவுறும்."

அந்தச் சொல்லுக்குத்தான் கட்டில் அசைந்தது. அப்பா எழுந்து வந்தார். மல்லாந்து கிடந்த டிரக்கைத் தூக்காமல், அதன் பக்கத்தில் குந்தி, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை விரலால் நிறுத்தினார்.

"பாரத்த மேல ஏத்தாத மாப்ள. மேல இருந்தா அதும்பாட்டுக்கு இழுக்கும், நம்ம பேச்சக் கேக்காது. கீழ வை. சக்கரத்துக்குள்ள வை."

அன்றிலிருந்து கட்டில் காலியாகவே கிடந்தது. அப்பாவும் மாமாவும் வாசலில் உட்கார்ந்து ஈயத்தைச் சுத்தியால் தட்டித் தகடாக்கி முன்சக்கரங்களுக்குள் சுருட்டி வைத்தார்கள். டிரக் இப்போது பல்லி மாதிரி கல்லோடு ஒட்டிக்கொண்டு ஏறியது. ஆனால் ஒன்று. அப்பா எதையும் சரிசெய்வார், ரிமோட்டை மட்டும் தொடமாட்டார். நீட்டினால், "நீயே ஓட்டு பாப்பா" என்பார். எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எங்கள் பக்கத்தில் சக்கரம் உள்ளது எதுவும் குளிக்காமல் இருக்காது. மாமாவின் சைக்கிளுக்குப் பொட்டு வைத்தார்கள். என் டிரக்குக்கும் சாமந்தி மாலை கட்டி, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதுதான் முறை. அதைச் செய்ய வேண்டியவர் டிரைவர் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் டிரைவர் ஒருவர்தானே இருந்தார்.

"நீதாம்ப்பா ஓட்டணும்" என்று ரிமோட்டை அவர் கையில் திணித்தேன்.

அம்மா கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றாள். அப்பா என்னைப் பார்த்தார், டிரக்கைப் பார்த்தார். ரிமோட்டின் நீளக் கம்பியை உள்ளே தள்ளி, மறுபடி வெளியே இழுத்தார். சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் விசையை மெல்ல முன்னால் தள்ளினார்.

டிரக் எலுமிச்சம்பழத்தின்மேல் பூப்போல ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. பழத்தில் ஒரு கோடுகூட இல்லை. பின்னால் எடுத்து மறுபடி விட்டார். மறுபடியும் அப்படியே. எதன்மேலும் ஏறிப் போகச் செய்த வண்டிக்கு எதையும் நசுக்கத் தெரியவில்லை.

"அய்யய்யோ, நிம்பேஹண்ணு அப்படியே கீதே!" என்று பழத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நம்ம வேல அப்படி மாமா!" என்று அப்பாவிடம் சமாளித்தார் என் மாமா. "இதுக்கு லாரிதான் வரணும்."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பாதான் முதலில் சிரித்தார். அந்த லீவு முழுவதிலும் நான் கேட்ட முதல் சிரிப்பு. குனிந்து பழத்தை எடுத்து, மண்ணைத் துடைத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார். நெடுஞ்சாலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

என் பழத்தை எடுத்துக்கொண்டு போகிறார்! "அப்பா" என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா பின்னாலிருந்து என்னை இழுத்து உள்ளங்கையால் வாயை அடைத்துவிட்டாள். வெளியே போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அது என் பழம். நான் திமிறினேன். அவள் கையைக் கடித்தேன். விடவில்லை. அப்பா சாலையை எட்டி, டவுன் பஸ்ஸில் ஏறினார். பஸ் மறைந்தது. அதற்குப் பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் சாலையோரம் லாரி ஹாரன் கேட்டது. புதுப் பெயிண்டோடு, வாழைக்கன்று கட்டிக்கொண்டு வண்டி நின்றிருந்தது. அப்பா இறங்கி வந்தார். முன் டயரின் பள்ளத்தில் எலுமிச்சை விதை ஒன்று ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்து ஓவென்று அழுதேன். என் டிரக்குக்கு வேறு பழம் வேண்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். என் பல் பதிந்த தடம் அவள் உள்ளங்கையில் சிவந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

இன்று காலை என் மகன் டிரக்கை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். நான் அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஓடினேன். என் கை தானாக எழுந்து வந்து, அவனைக் கூப்பிடத் திறந்த என் வாயை இறுக மூடிக்கொண்டது. அன்று அம்மா அடக்கியது என் குரலை மட்டும்தான் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.