கழன்றிருந்த ஒரே ஒரு கேபிள்

அன்று காலை எட்டேகாலுக்கு, மலேசியாவில் சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஸ்கூடாயில் நான் வேலை செய்யும் கல்லூரியின் கணினி அறைக்குள் நுழைந்து முப்பது திரைகளையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொன்றிலும் நாலு வரி வெள்ளை எழுத்து வரும், திரை இருண்டுவிடும், மறுபடி அதே நாலு வரி. ஒன்பது மணிக்கு அங்கே தேர்வு. டெக்னீஷியனாக நான் சேர்ந்து ஐந்து மாதம்தான். ஆறாவது மாதம் முடிந்தால்தான் வேலையை உறுதி செய்வார்கள்.

அந்தக் கணினிகளுக்குள் சரக்கு எதுவும் கிடையாது. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் நெட்வொர்க் வயர் வழியாக, என் முகவரி என்ன, எந்தக் கோப்பை வைத்து எழும்புவது என்று கேட்கும். மேல்மாடி சர்வர் சரியான பதில் சொன்னால்தான் அதற்கு உயிர். இல்லாவிட்டால் விழுந்து விழுந்து எழுந்துகொண்டே இருக்கும்.

ஓடிப்போய் சர்வரைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடுங்கிச் செருகினேன். பயம் வந்துவிட்டால் எனக்குப் புத்தி ஓடாது, கை மட்டும் ஓடும். மூன்றாவது வரிசையில் ஒரு திரை மட்டும் எழுத்துகூட இல்லாமல், சிக்னல் இல்லை என்றது. பின்னால் கைவிட்டால் டிஸ்பிளே கேபிள் கழன்று தொங்கியது. அந்த நேரம் பார்த்து பாஸ் உள்ளே வந்தார். எங்கள் பிரிவுத் தலைவர். குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்க வைப்பவர்.

"என்னம்மா ஆச்சு? ஸ்டூடன்லாம் வெளிய நிக்கிறாங்க."

"தெரியல பாஸ். இந்தக் கேபிள் கழண்டிருக்கு" என்று தூக்கிக் காட்டினேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். மாப்பும் வாளியுமாக கிளீனர் அக்கா நின்றிருந்தார். அக்கா என்று கூப்பிடுவேனே தவிர, என் வயதுதான் இருக்கும். துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் ஆள். ஏழு மணிக்கே வந்து அந்த அறையைத் துடைப்பவர்.

"நீங்கதான் கீழ வயர இழுத்து விட்டிருக்கீங்க. உங்க கம்பெனிக்கு போன் போடுறேன். நாளைலேர்ந்து வேற ஆள் வரட்டும்லா" என்றார் பாஸ்.

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு கேபிள் கழன்றால் ஒரு திரைதான் போகும், முப்பதும் போகாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பழி வேறு பக்கம் போனதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

பாஸ் போன பிறகுதான் அந்த நாலு வரியை நிதானமாகப் படித்தேன். கணினிக்கு முகவரி கிடைத்திருந்தது. ஆனால் அது எங்கள் சர்வர் கொடுக்கும் எண் இல்லை. என் வீட்டு வைஃபையில் தினமும் பார்த்துப் பழகிய எண்.

அறை மூலையில் இருந்த என் மேசைக்கடியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் போனுக்கு லைன் கிடைக்காது. கணவர் விடிவதற்குள் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். மகன் பள்ளி வேனில் வீடு வந்து சேர்ந்தானா என்று தெரியாமல் மதியமெல்லாம் தவிப்பேன். அதனால் முந்தைய நாள், போனுக்கு வைஃபை கிடைக்கட்டும் என்று, வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து கல்லூரி நெட்வொர்க்கில் செருகி, என் மேசைக்கடியில் வைத்திருந்தேன். கணினிகள் அப்போது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. காலையில் அவை புதிதாக முகவரி கேட்டபோது, சர்வரை முந்திக்கொண்டு என் ரவுட்டர் பதில் சொல்லியிருக்கிறது. எழும்புவதற்கான கோப்புக்கு அது எங்கே போகும்?

குனிந்து அதைப் பிடுங்கிக் கைப்பைக்குள் திணித்தேன். கணினிகளை அணைத்துப் போட்டதும் வரிசை வரிசையாகத் திரைகள் எழும்பின. பத்து நிமிடம் தாமதமாகத் தேர்வு ஆரம்பித்தது. பாஸ் எட்டிப் பார்த்து, "பாகுஸ்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டு எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வராந்தாவில் அக்கா என்னிடம் வந்து ஒரு கருப்பு அடாப்டரை நீட்டினார். அவசரத்தில் பிளக்கிலேயே விட்டிருக்கிறேன்.

"மிஸ், இது உங்க பெட்டியோடது. காலைல அந்தப் பெட்டியத் தூக்கித் தொடச்சிட்டு அதே எடத்துலதான் வச்சேன். நா எந்த வயரையும் இழுக்கல."

"பாஸ் கேட்டப்ப அந்தப் பெட்டியப் பத்தி ஏங்க்கா சொல்லல?"

"அது என்னா பெட்டின்னு எனக்குத் தெரியாது மிஸ். உங்களுக்குத் தெரியும்ல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

பாஸ் அறைக்கு மாடிப்படி ஏறும்போது இரண்டு முறை திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன். வேலை போய்விட்டால் வீட்டுக் கடன், மகன், கணவரிடம் என்ன சொல்வது, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. பாஸ் அக்காவின் கம்பெனிக்காரரோடுதான் போனில் பேசிக்கொண்டிருந்தார். ரவுட்டரையும் அடாப்டரையும் அவர் மேசையில் வைத்து, "இது என்னோடது பாஸ். எல்லா மெஷினும் இதுனாலதான் எழும்பல. அந்தக் கேபிளும் நான் பிடுங்கிச் செருகினதுலதான் கழண்டிருக்கும். அக்கா ஒண்ணும் பண்ணல" என்றேன். அவர் ரவுட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனில், "ஆள மாத்த வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

என் வேலை உறுதியாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஏழு மணிக்கே வந்து அறை முழுவதும் துடைத்துவிடுகிறார். என் மேசைக்கடியை மட்டும், நான் வந்து பக்கத்தில் நின்று பார்க்கும்வரை தொடுவதில்லை.