சுவரில் அறுபது, சட்டத்தில் இருபது

எல்வானாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். அதனால்தான் அவள் நீரியல் பொறியியல் படித்தாள் என்று அவளுடைய நண்பர்கள் சொல்வார்கள். அல்பேனியாவில் அவள் பிறந்த கோர்ச்சா மலைமேல் இருக்கும் ஊர். அங்கே பனி கொட்டும், பியர் ஓடும், கடல் மட்டும் எட்டிப் பார்க்காது. அப்படிப்பட்ட ஊர்க்காரி, பார்க்கும் இடமெல்லாம் கால்வாயாகக் கிடக்கும் பதுவை என்ற அயல்நாட்டு நகருக்கு வந்து, வெள்ளம் எப்படி வடிகிறது என்று ஆய்வேடு எழுதி, அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். நீச்சல் இன்றுவரை தெரியாது.

அவளிடம் அதைவிட விசித்திரமான குணம் ஒன்று உண்டு. சட்டத்தை மதிப்பாள். மாணவ அனுமதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது சட்டம். எல்வானா வேலை பார்த்த ஒரியானாவின் பாரில், சட்டம் என்ற சொல் பெரும்பாலும் கால்பந்து நடுவரைத் திட்டும்போதுதான் அடிபடும். காலையில் காப்பி, மாலையில் ஸ்பிரிட்ஸ் என்ற கலவை மது, எப்போதும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே இருபது மணி நேரம் முடிந்தது என்றால் எல்வானா ஏப்ரனைக் கழற்றிவிடுவாள். கையில் பாட்டில் சாய்ந்திருந்தாலும் சரி.

“பாதி கிளாஸ் ஊத்திட்டுப் போறியே பொண்ணே! மீதிய யாரு ஊத்துவா, பார்லிமென்டா?” என்று ஒரியானா கத்துவாள்.

“நீங்கதான் ஊத்தணும் சிஞ்ஞோரா. உங்களுக்குத்தான் குடியுரிமை இருக்கு.”

பட்டம் வாங்கும் நாள் நெருங்க நெருங்க, எல்வானாவுக்கு ஒரே கவலைதான். படிப்பு முடிந்தால் மாணவ அனுமதியின் காலமும் முடியும். அதற்குள் அதை வேலை அனுமதியாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்ற வேண்டுமானால், இவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கோர்ச்சாவுக்குத் திரும்ப வேண்டியதுதான். வெள்ளமே வராத ஊரில் வெள்ள வடிகால் நிபுணருக்கு என்ன வேலை இருக்கும்?

ஒரு முதலாளி அகப்பட்டார். ஊருக்கு வெளியே வயல்களின் நடுவே பம்புத் தொழிற்சாலை நடத்தும் போர்தின்யோன். முதல் சந்திப்பில் அவர் எல்வானாவின் மதிப்பெண் பட்டியலை ஒரு மருத்துவச் சீட்டைப் பார்ப்பதுபோலத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இஞ்சினியரம்மா. ஆனா படிச்சவங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எனக்கு வேலை செய்யறவங்க வேணும்.”

“இஞ்சினியர் வேணும்னுதானே சார் விளம்பரம் குடுத்தீங்க?”

“குடுத்தேன். படிச்சவங்களா வர்றாங்க.” அவர் பெருமூச்சு விட்டார். “சரி, அனுமதிய வாங்கிட்டு வா. கையெழுத்து போடறேன்.”

“நீங்க கையெழுத்து போட்டாதான் சார் அனுமதி.”

“அப்போ யோசிக்கறேன்” என்றார் போர்தின்யோன். அவர் யோசிக்கத் தொடங்கிய சில விஷயங்கள் அவருடைய அப்பா காலத்திலிருந்தே யோசனையில் இருப்பதாகத் தொழிற்சாலையில் பேச்சு.

இந்த நிலையில்தான் பட்டமளிப்பு வந்தது. பதுவையில் பட்டம் வாங்குவது இரண்டு பகுதி கொண்டது. உள்ளே பேராசிரியர்கள் கைகுலுக்கிப் பாராட்டுவார்கள். வெளியே நண்பர்கள் அதைச் சரிக்கட்டுவார்கள். ஆளுயரச் சுவரொட்டி ஒன்றில் பட்டதாரியின் கேலிப்படத்தை வரைந்து, பிறந்தது முதல் அன்றுவரை அவர் செய்த அசட்டுத்தனங்களை எல்லாம் பாட்டாக எழுதி வைத்திருப்பார்கள். இதற்குப் பாப்பீரோ என்று பெயர். பட்டதாரி அதைத் தெருவில் நின்று, கோமாளி வேஷத்தில், உரக்கப் படிக்க வேண்டும். தடுமாறினால் ஒரு மிடறு மது. மறுத்துப் பேசினால் இரண்டு. படித்து முடித்ததும் அதைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள்.

எல்வானாவின் பாப்பீரோவை எழுதியவன் தொபியா. அவளுடன் ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த உள்ளூர்க்காரன். வரலாறு படித்துக்கொண்டிருந்தான், அவன் படிக்கத் தொடங்கியபோது நடப்புச் செய்தியாக இருந்தவை இப்போது பாடத்தில் வந்துவிட்டன. அவனுக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வேலை செய்யும் உரிமை இருந்தது. ஒரு மணி நேரம்கூடச் செய்ததில்லை.

கைகளில் காற்றடித்த மிதவை, கண்ணில் நீச்சல் கண்ணாடி, தலையில் பட்டதாரியின் லாரல் இலைக் கிரீடம். இப்படி நின்று எல்வானா படிக்கத் தொடங்கினாள். கோர்ச்சாவில் பிறந்தது, முதல் வருடம் காப்பியில் உப்பைப் போட்டது, நீர்மட்டம் அளக்கப் போய்க் கால்வாயில் விழுந்தது எல்லாம் நன்றாகவே போயின. பிறகு இது வந்தது:

சட்டம் சொல்வது இருபது மணி,
கட்டுப் படுவாளா எங்கள் கண்மணி?
அறுபது மணி நேரம் ஊற்றுவாள் மது;
அதிகாரி கேட்டால், “வேலையா? எது?”

எல்வானா மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

“தடுமாறிட்டா! குடி! குடி!”

குடித்தாள். “டேய், இது பொய்டா” என்றாள்.

“மறுத்துப் பேசறா! ரெண்டு!”

இரண்டு மிடறு குடித்தாள். உண்மையைச் சொல்லச் சொல்லப் போதைதான் ஏறும் என்று புரிந்ததும், மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதியைப் படித்து முடித்தாள். கூட்டம் கைதட்டியது. நான்கைந்து பேர் கைபேசியில் படம் பிடித்தார்கள். தொபியா பசையும் தூரிகையுமாகச் சுவரை நோக்கிப் போனான்.

“உனக்கு மூளை இருக்கா?” எல்வானா அவன் சட்டையைப் பிடித்தாள். “எம்பேரு, என் மூஞ்சி, அதுக்குக் கீழ அறுபது மணி நேரம்! நான் வேலை அனுமதிக்கு எழுதிப் போடப்போறேன்டா. எவனாவது அதிகாரி இந்தப் பக்கம் வந்தா?”

“அதிகாரி பாப்பீரோவ நம்புவானா? எங்கண்ணன் பாப்பீரோல அவன் ஆட்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதா எழுதியிருந்தாங்க. யாரும் கைது பண்ணல.”

“உங்கண்ணன் இந்த ஊர்க்காரன். நான் அல்பேனியாக்காரி. என்னப் பத்தின்னா ஆடும் உண்மையாயிடும்.”

தொபியா தூரிகையைப் பசையில் தோய்த்தான். “இருபதுன்னு எழுதினா யாரு சிரிப்பாங்க?” என்று மட்டும் முனகினான்.

மறுநாள் காலை எல்வானா தலைவலியோடு ஒரு தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். சுவரொட்டியைக் கிழிக்கப் பார்த்தாள்; வாழ்நாளில் தொபியா ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்தப் பசை போலிருந்தது. ஆகவே அந்த நான்கு வரிகளை மட்டும் கறுப்பாக அடித்தாள். மனம் லேசாயிற்று. மாலையில் பாருக்குப் போகும் வழியில் பார்த்தால், அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத சுவரின் முன்னால் ஒரு கூட்டம்.

“இவ்வளவு அசிங்கத்தயும் விட்டுட்டு அந்த நாலு வரிய மட்டும் மறைச்சிருக்காங்கன்னா, அது எப்படி இருந்திருக்கும்!” என்று ஒரு பெரியவர் தன் நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கறுப்புக் கட்டத்தின் கீழே யாரோ ‘கள்ளக் கடத்தல்?’ என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ‘பேராசிரியரோடு!’ என்றிருந்தது. அறுபது மணி நேரம் எவ்வளவு கௌரவமான குற்றம் என்று எல்வானாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் போர்தின்யோன் கூப்பிட்டார். வரச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. எல்வானா பேருந்தில் போனாள். அவர் தன் மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்து ஒரு படத்தை ஓட விட்டார். நீச்சல் கண்ணாடி போட்ட ஒருத்தி தெருவில் நின்று, அறுபது மணி நேரம் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

“எம்பொண்ணு எடுத்தது. அவளும் உங்க காலேஜ்தான்.” போர்தின்யோனின் குரல் தாழ்ந்திருந்தது. “இது நெசமா? படிச்சுக்கிட்டே அறுபது மணி நேரமா?”

எல்வானா அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே கோபம் இல்லை. கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது வரும் முகபாவம் இருந்தது. முழு மதிப்பெண்ணைத் தூரத்தில் பிடித்துப் பார்த்த மனிதர், சட்டவிரோதத்தைப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்திருக்கிறார்.

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் செலவு. கையெழுத்துக் கிடைக்கும், விண்ணப்பம் போகும். அந்தச் சொல்லைச் சொல்ல அவள் வாயைத் திறந்ததும் உண்டு.

“இருபது” என்றாள்.

“என்ன?”

“வாரத்துக்கு இருபது மணி நேரம் சார். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. சம்பளச் சீட்டு எல்லாம் இருக்கு. பார்க்காரம்மாவ கேளுங்க, திட்டித் தீர்ப்பாங்க.”

போர்தின்யோனின் முகம் மின்சாரம் போன பம்பு மாதிரி மெல்ல மெல்ல நின்றது. “இருபதுதானா? அப்போ மிச்ச நேரம் என்ன பண்ணின?”

“படிச்சேன்.”

“படிச்சியா!” தூங்கினேன் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார் போலிருந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். எல்வானா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனவளுக்கு, போவதுதான் போகிறோம் என்று தோன்றியது.

“வேலை அனுமதி வந்தா அந்த இருபது மணிக் கணக்கு இல்ல சார்.”

அவர் நிமிர்ந்தார். “அப்போ அறுபது செய்வியா?”

“நாப்பது. எல்லாருக்கும் உள்ளது.”

“அதுக்கு மேல வேலை இருந்தா? அக்டோபர்ல மழை பிடிச்சா இங்க ராத்திரி பகல் கிடையாது.”

“இருந்தா செய்வேன். ஓவர்டைம் குடுப்பீங்க.”

“பழகுற வரைக்கும் சும்மா செய்யலாமே? எல்லாரும் அப்படித்தான்.”

“எல்லாரையும் கூப்பிட்டுக் கேளுங்க சார். நான் இங்கயே நிக்கறேன்.”

போர்தின்யோன் நாற்காலியில் சாய்ந்து அவளை முதல்முறையாக முழுதாகப் பார்த்தார். வாங்கும் இரும்புக்கும் விற்கும் பம்புக்கும் இப்படி நின்று பேரம் பேசியே முடி நரைத்தவர் அவர்.

“அல்பேனியான்னு சொன்னாங்க. நீ எங்க சித்தப்பன் பொண்ணு மாதிரில்ல பேசற? அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.” பேனாவைத் தேடினார். “எங்க போடணும்?”

விண்ணப்பம் போனது. கொஞ்ச நாள் கழித்துக் கைரேகை வைக்க அழைப்பு வந்தது. எல்வானா இரண்டு வருடச் சம்பளச் சீட்டுகளையும் ஒரு கோப்பில் அடுக்கினாள். ஒரியானாவிடம் கெஞ்சி ஒரு கடிதமும் வாங்கினாள். ‘இந்தப் பெண் இருபது மணி நேரத்துக்கு மேல் ஒருநாளும் உதவியதில்லை, எவ்வளவு கேட்டும்’ என்று அதில் மனக்குமுறலோடு எழுதியிருந்தது. பாப்பீரோ என்பது இலக்கியம், சாட்சியம் அல்ல என்று வாதாட வேண்டிய வரிகளை வழியெல்லாம் மனப்பாடம் செய்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நடுவயதுக்காரர். கண்ணாடிச் சதுரத்தின் மேல் அவள் விரலை வைக்கச் சொன்னார். கருவி சிவப்பு காட்டியது. மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு.

“என்ன வேலைம்மா பாக்கறீங்க?” என்றார் அவர், திரையைப் பார்த்தபடி.

எல்வானாவின் மறுகை கோப்பின் மேல் போனது. “பார்ல.”

“பாத்திரம் கழுவுவீங்களா?”

“கழுவுவேன்.”

“ரொம்ப நேரமோ?”

“இருபது மணி நேரம்!” அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது. “வாரத்துக்கு இருபதுதான்! சுவர்ல இருக்கறது பொய். அது என் ஃப்ரெண்டு எழுதினது, சிரிக்கறதுக்கு. இந்தாங்க சம்பளச் சீட்டு, இது பார்க்காரம்மா லெட்டர்...”

அதிகாரி மெதுவாகத் திரும்பி, கோப்பையும் அவளையும் பார்த்தார்.

“எந்தச் சுவரும்மா?”

“பாப்பீரோ...”

“ஓ. பட்டம் வாங்கிட்டீங்களா? வாழ்த்துகள்.” ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். “வெரல்ல ஈரம் இருக்கு. பாத்திரம் கழுவறவங்க க்ரீம் தடவிட்டு வருவாங்க, அதான் கேட்டேன். தொடச்சிட்டு வைங்க.”

துடைத்துவிட்டு வைத்தாள். பச்சை. பத்து விரலும் பச்சை. கோப்பு அப்படியே மேசையில் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

“இத பாக்கலயா?” என்றாள் எல்வானா. குரலில் லேசான மனத்தாங்கல் இருந்தது.

“வேண்டியதெல்லாம் ஏற்கெனவே வந்திடுச்சும்மா. அனுமதி தயாராயிருக்கு, அட்டை அடிச்சு வர்றதுதான் பாக்கி. இந்த ரசீத வெச்சு நீங்க திங்கக்கிழமையே வேலைக்குப் போகலாம். அடுத்தவங்க வாங்க.”

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“கெடச்சுதாடி?”

“கெடச்சுதும்மா.”

“என்ன கேட்டாங்க?”

எல்வானா பிரிக்காத கோப்பைப் பைக்குள் தள்ளினாள். “ஒண்ணுமே கேக்கலம்மா. கை ஈரமா இருக்குன்னாங்க.”

“ஒண்ணும் கேக்காமலா இவ்வளவு நாள் தூங்காம கெடந்த?” என்றாள் அம்மா. “சரி, திங்கக்கிழமை என்ன உடுத்திக்கிட்டுப் போவ?”

“ரப்பர் பூட்ஸ்மா. மழை வருதாம்.”