சோறு இறங்குதில்லை

அண்ணாவைக் கொட்டாஞ்சேனையில் வைத்துப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன கிழமைதான் அம்மா முதன்முதல் சொன்னா: "சோறு இறங்குதில்லை பிள்ளை."

சண்டைக் காலம். வெள்ளவத்தையில் எங்கட லேனில் பாதி வீடுகளில் அதே கதைதான். பிள்ளை உள்ளுக்கு இருக்க எந்தத் தாய்க்குச் சோறு இறங்கும்? பார்க்க வந்த சனமும் அதையே சொல்லிப்போட்டு, பிளேன் டீயைக் குடித்துவிட்டுப் போனது. எனக்கும் அதற்கு மேல் யோசனை ஓடேல்ல. பொலிஸ், லோயர், அண்ணாவுக்குச் சாப்பாட்டுப் பார்சல் என்று அலைந்து மரத்துப்போயிருந்தேன்.

அம்மா ஒரு வாய் வைப்பா. நெஞ்சில கையை வைத்து அழுத்துவா. பிறகு எழும்பிக் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் துப்புவா. நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா அனுப்புகிற கஞ்சியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்து முடிப்பா. எனக்கு விசர் வந்தது.

"கஞ்சி இறங்குது, நான் சமைச்ச சோறு மட்டும் இறங்காதோ? நடிக்காதேங்கோ" என்று ஒருநாள் கத்திப்போட்டன். அடுத்த நாளிலிருந்து அவ பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டா. சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. கவலைதான் உருக்குது என்று நினைத்தேன்.

ஏழு மாதம் கழித்து அண்ணாவை விட்டார்கள். அன்றைக்குக் கணவாய்க் கறி வைத்தேன். அண்ணாவே சோற்றைக் குழைத்து அம்மாவுக்குத் தீத்தினார். "நான்தான் வந்திட்டனே, இனி வடிவாச் சாப்பிடுங்கோ."

அம்மா சிரித்தா. கனநேரம் மென்றா. பிறகு அவ்வளவும் அவவின்ர கைக்குள்ளேயே திரும்பி வந்தது. அண்ணாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா.

"இறங்குதில்லை பிள்ளை."

களுபோவில ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள்ளால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி, நல்லாப் பிந்திவிட்டது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்கு அழுகை வரேல்ல. சுவரில் ஒட்டியிருந்த கடதாசியை வாசித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தனை மாதமாக இப்படி?" என்று கேட்டார். அண்ணா உள்ளுக்குப் போன நாளிலிருந்து எண்ணிச் சொன்னேன்.

"இவ்வளவு நாளும் அம்மா ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையா?"

"சொன்னவ," என்றேன். "ஒவ்வொரு நாளும் சொன்னவ."