வரத்துக்காலை வெட்டினவன் நான்தான்

கருவேலங்காட்டுக்குள் கூலிக்கு விறகு வெட்டப் போனவன், விறகைச் சுட்டுக் கரியாக்குகிற கரிமூட்டத்துக்கே சொந்தக்காரன் ஆனேன். கரி ஏற்ற லாரி வாங்கினேன். ஊரில் மிளகாய் காயப்போட சிமெண்டுக் களம் கட்டினேன். அதற்கு முன்னால் ரோட்டில் கொட்டித்தான் காயவைப்போம், பஸ் அதன்மேல் ஏறிப் போகும். பாம்பனில் கருவாட்டுக் கொட்டகை போட்டேன். நயினார்கோவில் பக்கத்து ஆளுக்குக் கருவாட்டில் என்ன தெரியும் என்று சிரித்தவர்கள், பிறகு என்னிடமே சரக்குப் போட்டார்கள். மாடி வீடு கட்டினேன். இத்தனையும் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து. என் தகப்பன் எனக்கு விட்டுப்போனது ஒரு கோடாலி, அதிலும் காம்பு ஆடும்.

இதெல்லாம் எனக்காகக் கட்டினது. ஊருக்காகச் செய்தது ஒன்று உண்டு. மண் மூடிக் கிடந்த ஊருணி வரத்துக்காலை வெட்டித் திறந்தேன். கண்மாயிலிருந்து குடிதண்ணீர் ஊருணிக்கு வருகிற வாய்க்கால் அது. அந்த ஒன்றைத்தான் என்னிடமிருந்து திருடினார்கள். என் பேரை வைத்தே திருடினார்கள்.

எங்கள் கூட்டத்தில் தலைப்பிள்ளைக்குக் குலசாமி பேரைத்தான் வைக்க வேண்டும். அதனால் தெருவுக்கு நாலைந்து பேர் அதே பேரில் இருப்போம். அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கதையும் அதே பேருள்ள இன்னொருவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். ஆளை அடையாளம் சொல்லப் பட்டப்பேர்தான்: சிலோன், டீக்கடை, பெரிய வீடு. நான் கரிமூட்டம். ஆனால் கோயிலிலும் ஊருணிக் கரையிலும் பட்டப்பேரோ வீட்டுப்பேரோ வரக்கூடாது, வெறும் பேர் மட்டும்தான். சாமிக்கும் தண்ணீருக்கும் முன்னால் எல்லாரும் ஒன்று என்பது எங்கள் ஊர் வழக்கம்.

இப்போது பஸ் நிறுத்தத்துச் சுவரில் அந்தப் பேருள்ள நாலு பேரைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். 'ஒரே பேர், நான்கு பெரியவர்கள்' என்று மேலே தலைப்பு. முதல் ஆள் சமஸ்தானத்துக் காலத்தில் தன் நிலத்தைக் கொடுத்து ஊருணி தோண்டினவர். இரண்டாம் ஆள் வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர். மூன்றாம் ஆள், தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது தோணி எடுத்துக்கொண்டு போய் ஆட்களைக் கரை சேர்த்தவர். மூன்று பேருக்கும் என் கும்பிடு. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாலாவது ஆள் பெரிய வீட்டுக்காரர். எனக்குப் பங்காளி, வயதில் மூத்தவர், அண்ணன் முறை. செத்துப்போய்விட்டார். செத்தவரைக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் பேசுவேன். அவர் படத்துக்குக் கீழே, 'பஞ்ச காலத்தில் வரத்துக்காலை மீட்டுத் தந்த வள்ளல்' என்று எழுதியிருக்கிறார்கள். படத்தில் கையில் மண்வெட்டி வேறு. வரைந்த பையனைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் மண்வெட்டி பிடித்து யார் பார்த்திருக்கிறார்கள்? குடை பிடிக்கிறமாதிரி பிடித்து நிற்கிறார்.

அந்த வரத்துக்காலை மூடினதே அவர்தான்.

அந்த வருஷங்களில் மழை பொய்த்து ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணறு தோண்டினால் உப்பு. பெண்டுகள் அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்தார்கள், என் மனைவியும் நடந்தாள். கொஞ்சநஞ்சம் மழை பெய்தாலும் தண்ணீர் வர வழியில்லை. வரத்துக்காலில் பாதியைக் கருவேல் அடைத்திருந்தது, மீதியைப் பெரிய வீட்டுக்காரர் மண் போட்டு மூடித் தன் மிளகாய்த் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன். வாசலில் நிற்க வைத்துத்தான் பேசினார்.

"ஏலே, கரி சுடுற பய வந்து எனக்கு வாய்க்கா காட்டுறியா?"

"காட்டலண்ணே. அது அங்கனதான் கிடக்கு. உங்க தோட்டத்துக்கு அடியில."

"அடியில கிடந்தா அடியிலயே கிடக்கட்டும். மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வா. ஆளு யாருன்னே தெரியல."

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அதை மறக்க முயற்சி செய்ததும் இல்லை.

கருவேல் அடைத்த பாதியை என் மூட்டத்து ஆட்களை வைத்து வேரோடு பிடுங்கினேன். தோட்டத்துப் பாதிக்கு நாள் பார்த்துக் காத்திருந்தேன். ஆடி அமாவாசைக்கு அவர் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போவார், தப்பாது. அவர் அங்கே அக்னி தீர்த்தத்தில் நின்று முன்னோருக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே பட்டப்பகலில் ஜேசிபியை இறக்கி அவர் தோட்டத்தைக் கிழித்து வாய்க்காலைத் திறந்தேன். ஊரே வரப்பில் நின்று பார்த்தது. தடுக்கவும் ஆளில்லை, கை கொடுக்கவும் ஆளில்லை.

திரும்பி வந்தவர் ஸ்டேஷனில் மனு கொடுத்தார். நான் போய் உட்கார்ந்தேன், வந்தேன், மறுபடி போனேன். ஐப்பசியில் மழை பிடித்தது. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து ஊருணியில் விழுந்தது. கரை முழுக்க ஜனம். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் மனுசன் மாறிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிப் பூவைத் தூவி முதல் குடத்தை மொண்டார். போட்டோவும் எடுத்துக்கொண்டார். மனுவை யார் வாபஸ் வாங்கினார்கள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

ஊர் எனக்காகக் கரையில் ஒரு கல் நட்டது. வழக்கப்படி வெறும் பேர்தான் வெட்டினார்கள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. நிலம் கொடுத்த பழைய ஆளின் கல்லுக்குப் பக்கத்தில் என் கல், இரண்டிலும் ஒரே எழுத்து. அந்தக் கல்லைக் காட்டித்தான் இப்போது பெரிய வீட்டுப் பேரன், "இது எங்க தாத்தா கல்லு" என்று சொல்லிப் படம் வரைய வைத்திருக்கிறான். சுவர், சுண்ணாம்பு, பெயிண்ட் எல்லாம் அவன் செலவு. அவனுக்கும் அதே பேர். மதுரையில் வேலை. ஊருக்கு வந்தால் கல்லைப் பார்ப்பானே தவிர, யாரையும் கேட்க மாட்டான்.

படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் சாப்பிடவில்லை. என் மனைவி சொன்னாள்:

"ஊருல வயசான ஆளுக எல்லாருக்கும் தெரியும்ல, விடுங்களேன்."

"அவுகளும் நானும் போயிட்டா?"

"போன பெறகு எந்தச் சுவத்த வந்து படிக்கப் போறீக?"

அவள் சொன்னதற்குச் சிரித்தேன், ஆனால் விடவில்லை. முதல் வேலையாக, பெரிய வீட்டு மிளகாயை என் களத்தில் காயப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பேரனின் ஆட்கள் முண்டு மிளகாயை மூட்டை மூட்டையாக ஏற்றி வந்து திரும்பிப் போனார்கள். மறுபடி ரோட்டில் கொட்டினார்கள். பஸ் ஏறினது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

அது போதவில்லை. மாசிக் களரி வந்தது.

எங்கள் குலசாமி கோயிலில் மாசிக் களரிக்குச் சிவராத்திரியன்று கூடி, மறுநாள் உச்சிப்பொழுதில் படையல் போட்டு முதல் மரியாதை கொடுப்போம். பூசாரி கற்பூரத்தை ஏற்றிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆளுக்குக் கற்பூரம் அணைவதற்குள் பரிவட்டம் கட்டியாக வேண்டும், அணைந்தால் ஊருக்கு ஆகாது. அந்தப் பேருக்காரர்கள் இருபது பேர் அங்கே உட்கார்ந்திருப்போம், ஆனால் பெரிய வீடுதான் எழுந்து போகும். தாத்தா போனார், இப்போது பேரன் போகிறான். பேர் மாறாததால் யாரும் எதையும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பூசாரி பேரைச் சொன்னார். பேரன் சட்டையைக் கழற்றி ஆளிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய் நின்றேன்.

பூசாரி முழித்தார். "அய்யா, இது வந்து..."

"என் பேரத்தான கூப்பிட்ட? வந்துட்டேன். கட்டு."

"தாத்தா, வெளையாடாதீங்க, வெயிலு ஏறுது" என்றான் பேரன்.

"வெளையாட்டெல்லாம் நீ சுவத்துல வெளையாடிட்ட, பேராண்டி. நான் சாமிக்கு முன்னால நிக்கிறேன்."

"கூப்பிட்டது எங்க வீட்ட. அது எல்லாருக்கும் தெரியும்."

"வரத்துக்கால வெட்டுனது நானு. அதுந்தான் எல்லாருக்கும் தெரியும். நீ கேட்டியா?"

பின்னாலிருந்து டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார். "அப்ப நானும் வரவா? எனக்கும் அதே பேருதேன்." சிலோன்காரர், "வரிசையில வாங்கப்பா, தள்ளாதீக" என்றார். கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு என் மேல் இல்லை. கற்பூரம் தட்டில் சின்னதாகிக்கொண்டே போனது. பூசாரி ஒருமுறை பேரனைப் பார்த்தார், ஒருமுறை கற்பூரத்தைப் பார்த்தார், சட்டென்று என் தலையில் பரிவட்டத்தைக் கட்டிவிட்டார்.

பேரன் படையல் சோறு வாங்காமல் கார் ஏறினான். அவன் முகம் போன போக்கை நான் சாகிற வரைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த வாரம் கோயில் கமிட்டி கூடினது. இரண்டு முடிவு எடுத்தார்கள். ஒன்று, இனிமேல் மரியாதைக்குக் கூப்பிடும்போது குழப்பம் வராமல் 'பெரிய வீட்டு' என்று சேர்த்துக் கூப்பிடுவது. இரண்டு, என் மனம் ஆறுவதற்கு, சுவர் முடிகிற இடத்தில், கரண்டு கம்பத்துக்குப் பின்னால், ஐந்தாவதாக என்னையும் வரைவது. 'ஊருக்கு உழைத்தவர்' என்று எழுதுவார்களாம். என்ன உழைத்தேன் என்று எழுதமாட்டார்களாம்.

நான் எழுந்து சொன்னேன்: "கம்பத்துக்குப் பின்னால நாயி நிக்கும். நான் நிக்க மாட்டேன்." வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாமல் வந்த மீதியை இங்கே எழுதுகிறேன். மரியாதை வாங்குவதற்கு மட்டும் வீட்டுப்பேரைச் சேர்க்கலாம் என்றால், அந்த நியாயம் கல்லுக்கும் சுவருக்கும் உண்டு. நிலம் கொடுத்தது முதல் ஆள், அது அவருக்கு. ஜெயிலும் தோணியும் அதது உரியவர்களுக்கு. பெரிய வீட்டுக்காரர் படம் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும், முதல் குடம் மொண்டவர் என்று எழுதுங்கள், அது உண்மைதான். மண்வெட்டியை மட்டும் அவர் கையிலிருந்து அழியுங்கள். ஊருணிக் கரையில் இருக்கிற என் கல்லில், பேருக்குக் கீழே என் தகப்பன் பேரை வெட்டுங்கள். சுவரில், 'பெரிய வீடு மூடின வரத்துக்காலை வெட்டித் திறந்தவர்' என்று என் பட்டப்பேரோடு எழுதுங்கள். மூடினது யார் என்பதையும் விடக்கூடாது. நான் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள், படித்துப் பார்த்துப் பிழை இருந்தால் சொல்வேன்.