ஏணி ஒன்று, வாள் ஒன்று

ஜனவரி 7. ஏணி 1, வாள் 1. எடுத்தது 7.40. திருப்பியது 10.15. கிளை 2.
ஜனவரி 21. ஏணி 1, தொரட்டி 1. எடுத்தது 7.40. திருப்பியது 9.50. கிளை 1.
பிப்ரவரி 4. ஏணி 1, வாள் 1, கயிறு 1. எடுத்தது 7.40. திருப்பியது 11.05. கிளை 3.
பிப்ரவரி 18. ஏணி 1. எடுத்தது 7.40. திருப்பியது 8.30. கிளை இல்லை.

நோட்டின் கடைசி வரியில் ‘இல்லை’ என்று எழுதும்போது பேனா சற்றுத் தயங்கியிருக்கிறது. அந்த இடத்தில் மை ஊறிப்போய் ஒரு புள்ளி. அன்று ஏணியைச் சாத்தி ஏறிப் பார்த்தார். வெட்டுவதற்கு மரத்தில் எதுவும் மிச்சமில்லை. இறங்கிவிட்டார். ஆனாலும் எடுத்தது எடுத்ததுதானே, பதிந்துவிட்டார்.

அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் ரெஜிஸ்டர். ஒரு கிடங்கின் வாசலில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, உள்ளே போகிற மூட்டையையும் வெளியே வருகிற மூட்டையையும் எழுதியவர். ஓய்வு பெற்றும் கை ஓயவில்லை. மனைவி இறந்து ஏழு வருஷமாகிறது. தூரத்தில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் மூன்று கேள்விகள் கேட்பாள்: “சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? கதவப் பூட்டிட்டுப் படுக்கறீங்களா?” மூன்றுக்கும் சேர்த்து இவரிடமிருந்து ஒரு ‘ம்’ போகும். அத்தோடு வாரத்துப் பேச்சு ஏறக்குறைய முடிந்தது.

வீட்டைச் சுற்றி ஐந்து மரங்கள். வேம்பு இரண்டு, கொய்யா ஒன்று, பூவரசு ஒன்று, கூரைமேல் சாயப் பார்க்கும் மா ஒன்று. கிளை வெட்டுவதில் அவரிடம் அவசரமே கிடையாது. அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் முதலில் இரண்டு விரல் ஆழம் அறுப்பார். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுப்பார். கிளை முறிந்து விழும்போது பட்டை உரியாமல் இருக்க அதுதான் வழி. மிச்சம் நிற்கும் துண்டைக் கடைசியாக, கிளை பிறந்த இடத்தில் லேசாகப் புடைத்திருக்கும் வளையம் காயப்படாமல் எடுப்பார். விழுந்த கிளையை முழம் போட்டு அளந்த பிறகுதான் அது விறகுக்குப் போகும்.

இத்தனை பார்த்துச் செய்கிறவரிடம் சொந்தமாக ஒரு வாள் கிடையாது. எல்லாம் இரண்டு வயல் தள்ளியிருக்கும், மரக்கடை வைத்திருந்த மரவாடிக்காரர் வீட்டிலிருந்து இரவல். மரவாடிக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய ஏணியும் வாளும் கிளை இழுக்கும் தொரட்டியும் வடக்கயிறும் கொட்டகையில் இருந்தன. வீட்டில் அவர் மனைவி மட்டும். அறுபத்தாறு வயது. காது மந்தம். போன் அவருக்குச் சரிப்படாது.

அதனால் ரெஜிஸ்டர் கேட்டருகே நின்று, நாலு வயலுக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பார். “தங்கச்சி, ஏணி ஒண்ணு, வாள் ஒண்ணு.”

அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வருவார். “எந்த மரத்துக்கு?”

“மாவுக்கு.”

“போன தடவைதானே அதுக்கு மொட்டை போட்டீங்க. இப்ப என்ன, காது குத்தப் போறீங்களா?”

“தெற்கால ஒரு கிளை நீட்டிக்கிட்டு நிக்குது.”

“அது பூக்கறதுக்கு நீட்டுதுண்ணே. நீங்க விட்டாத்தானே. மூணு வருஷமாச்சு ஒரு பிஞ்சு பிடிச்சு.”

திருப்பிக் கொண்டுவரும்போது வாளை எண்ணெய்த் துணியால் துடைத்திருப்பார். அந்த அம்மாள் கட்டைவிரலால் அதன் பற்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தடவிப் பார்ப்பார். “பல்லெல்லாம் சரியா இருக்கா?”

“வேணும்னா எண்ணிக்கோ.”

“எண்ணாம விடுவனா?”

எண்ணுகிற சாக்கில் பேச்சு வளரும். முழங்கால், மழை, முட்டையிடாத கோழி, பட்டணத்தில் மகன் வாங்கிய நாலாவது மாடி வீடு. கால் மணி, சில நாள் அரை மணி. நோட்டில் எதற்கெல்லாமோ கட்டம் போட்டிருக்கிறார், இந்த நேரத்துக்குக் கட்டம் கிடையாது. ஆனால் ஏணி வேண்டியிருந்தது இதற்காகத்தான். மகள் ஒருமுறை, “நானே ஒரு புது வாள் வாங்கி அனுப்பறேம்ப்பா” என்றாள். அனுப்பிவிட்டால் அப்புறம் எங்கே போய்க் கேட்பது? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “வைக்க இடமில்லம்மா” என்றார். வீட்டில் மூன்று அறைகள் காலியாகக் கிடக்கின்றன.

ஜூன் மாதம் மகன் வேனோடு வந்து தாயாரை அழைத்துக்கொண்டு போனான். கிளம்பும்போது அந்த அம்மாள் கொட்டகைச் சாவியை ரெஜிஸ்டரின் கையில் வைத்தார்.

“எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கோங்கண்ணே. நாலாவது மாடியில நான் எந்த மரத்துல ஏறப் போறேன்?”

“அது முறையில்ல தங்கச்சி. உன் பொருள். கேக்காம எப்படி எடுக்கறது?”

“நல்ல மனுஷன்யா. அப்ப ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க.”

வேடிக்கைக்குச் சொன்னது. வேனுக்குள்ளிருந்த மகன்கூடச் சிரித்தான். ரெஜிஸ்டர் மட்டும் சிரிக்காமல் முகவரி கேட்டு எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து முதல் கடிதம் போனது. ‘ஏணி ஒன்று, வாள் ஒன்று தேவைப்படுகிறது. வேம்புக்கு. அனுமதி வேண்டும்.’ பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. ‘எடுத்துக்கோங்க. கீழ பாத்து ஏறுங்க. இங்க ஜன்னல தொறந்தா எதிர் வீட்டு ஜன்னல்தான் தெரியுது.’ அன்றைக்கே சாவியோடு நடந்தார். கொட்டகையைத் திறந்து எடுத்தார், வெட்டினார், துடைத்தார், பழையபடி கொண்டுபோய்ச் சாத்தினார். பிறகு, ‘திருப்பியாயிற்று. பல் சரியாக இருக்கிறது’ என்று ஒரு கார்டு. கேட்க ஒன்று, திருப்ப ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நடந்த இரவல், இரண்டு மாதத்துக்கு ஒன்றானது.

அதற்குள் மரங்கள் அனுமதி கேட்காமல் வளர்ந்தன. பிப்ரவரியில், பதிலுக்குக் காத்திருந்த சமயத்தில், மாவின் தெற்குக் கிளை பூத்துவிட்டது. ‘எடுத்துக்கோங்க’ வந்து சேர்ந்தபோது கொத்துக் கொத்தாகப் பிஞ்சு. வாளோடு ஏணியில் ஏறியவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். கீழே வந்து எழுதினார்: கிளை இல்லை. இந்த முறை மை ஊறவில்லை. மே மாதம் பழுத்ததும், ‘மொத்தம் 41’ என்று பட்டணத்துக்குத் தெரிவித்தார். ‘நாந்தான் சொன்னேன்ல. எனக்காக ஒண்ணு தின்னுங்க’ என்று பதில். தின்றார். நோட்டில், தங்கச்சி பங்கு 1.

அதன்பிறகு பதில்கள் தாமதமாயின. எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு கார்டில் நாலு வரிதான் அடங்கியது, அடுத்ததில் இரண்டு. செப்டம்பர் கடைசியில் பூவரசுக்காக அனுப்பிய கடிதத்துக்கு வெகுநாள் பதிலே இல்லை. பூவரசின் கிளை கூரையைத் தொட்டு, காற்றடித்தால் ஓடுகளைச் சுரண்டியது. சாவி ஆணியில் தொங்கியது. அவர் தொடவில்லை.

பதில் வந்தது, மருமகளின் கையெழுத்தில். ‘அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. எழுதவும் படிக்கவும் முடியவில்லை. அந்த வீட்டை விற்பதாக இருக்கிறோம். கொட்டகைச் சாமான்களை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இனிப் பதில் எழுத யாரும் இல்லை என்பதால் சிரமப்பட வேண்டாம்.’ அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய எழுத்தில் ஒரு வரி. ‘இனிமே கேக்க வேணாம்ணே. உங்களுதுதான்.’

மறுநாள் காலை கொட்டகையைக் காலி செய்தார். ஒரே நடையில் முடிந்திருக்கும். நான்கு நடை நடந்தார். முதலில் கயிறு, அப்புறம் தொரட்டி, அப்புறம் வாள். கடைசியில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டருகே வந்ததும் நின்றார். பூட்டிய கதவைப் பார்த்து, நாலு வயலுக்கும் கேட்கும் அதே குரலில் சொன்னார்:

“தங்கச்சி, ஏணி ஒண்ணு, வாள் ஒண்ணு, தொரட்டி ஒண்ணு, கயிறு ஒண்ணு.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டுவரை வந்துசேர எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் ஏணியை இறக்காமல் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தார். நான்கு பொருளையும் வரிசையாக எழுதினார். எடுத்தது 7.40. அடுத்த கட்டம், திருப்பியது. அந்தக் கட்டத்தை அவர் ஒருநாளும் காலியாக விட்டதில்லை; பல்லை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இனி ஆளில்லை. பேனாவைத் துடைத்துக்கொண்டு, அதில் எழுதினார்:

கடைசிக் கடிதம் வந்தது, நவம்பர் 19.