கரடி மாப்பிள்ளைக்கு நாலு விரல்

"மாப்பிள்ளைக்கு வெரலு ஒண்ணு கொறையுதாமே… நெசமா?"

போன வாரம் காலையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்த போன் இது. பேசியது என் கணவரின் அக்கா. திருநெல்வேலியில் இருக்கிறார். எனக்கு மதினி, என் மகளுக்கு அத்தை. பல மாதங்களாக எங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர். பேசிய முதல் வாக்கியமே இதுதான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த மாப்பிள்ளைக்கு மதினி?" என்றேன்.

"உன் மவளுக்குப் பாத்துருக்கியே, அந்த மாப்பிள்ளைக்குத்தான். பத்திரிகையிலயே போட்டுருக்கியே. நான் கண்ணாடிய மாட்டிக்கிட்டு எண்ணிப் பாத்துட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. மாவுக் கரண்டியோடு சிரிக்க ஆரம்பித்தேன். சிரித்திருக்கக் கூடாது. மதினி போனை வைத்துவிட்டார்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் மகள் நித்யாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை. மாப்பிள்ளை அனூப்பும் அங்கேதான். மலையாளிப் பையன். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம், முகம் நிறைய தாடி. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி, எல்லாம் சுமுகமாக முடிந்தது.

மதினி வீட்டைத் தவிர.

மதினிக்கு சங்கர் என்று ஒரு மகன். நித்யா பிறந்த அன்றைக்கே தொட்டிலைப் பிடித்துக்கொண்டு, "இது எம் மவனுக்கு" என்று சொன்னவர் அவர். சங்கருக்கும் சரி, நித்யாவுக்கும் சரி, அதில் துளியும் விருப்பம் கிடையாது. அனூப் விஷயம் தெரிந்ததும் சங்கர் நித்யாவுக்கு அனுப்பிய மெசேஜ் 'தேங்க்ஸ்' என்ற ஒற்றை வார்த்தை. ஆனால் மதினிக்கு முறை என்று ஒன்று இருக்கிறதே… "என்னைய எதிர்பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இதில் உடைந்துபோனது என் கணவர்தான். நாங்கள் பிழைக்க வந்த இந்த மலையாள ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். கடையில் பேரம் பேசும்போது மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறி உறுமுகிற மனுஷன். அக்கா விஷயத்தில் மட்டும் குழந்தை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தலைசீவி பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அக்காதான். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது அக்கா பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். சாயங்காலம் வந்ததும் போனை எடுத்துப் பார்ப்பார். வைப்பார். மறுபடி பார்ப்பார்.

இந்த நிலையில்தான் பத்திரிகை.

முறைப்படி அச்சடித்த மஞ்சள் பத்திரிகை ஒன்று உண்டு. நித்யாவுக்கு அது போதாதாம். வாட்ஸ்அப்பில் அனுப்ப இன்னொன்று வேண்டுமாம். அதில் அனூப் ஒரு கரடி, இவள் ஒரு பூனை. பட்டு வேட்டி கட்டிய கரடியும் கூரைச்சேலை கட்டிய பூனையும் சுண்டு விரல் கோத்து மணவறையைச் சுற்றி வர வேண்டும். "அடிபொளியா இருக்கும்மா" என்றாள். அமர்க்களமாக இருக்குமாம்.

முதலில் ஏஐயிடம் கேட்டாள். அது கண்ணிமைக்கும் நேரத்தில் படம் போட்டுக் கொடுத்தது. கரடிக்கு ஆறு விரல். திருத்தச் சொன்னால் பூனைக்கு ஏழு.

"இதென்ன பிரமாதம், நான் வரையறேன்" என்று சொன்னது நான். என் வாய் இருக்கிறதே… ஆனால் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. நாற்பது புள்ளிக் கோலத்தைக் கை நடுங்காமல் இழுத்து முடிப்பவள் நான். ஒரு பூனையும் கரடியும் எம்மாத்திரம்?

முகம் வந்துவிட்டது. தாடி இருக்கிற முகத்தைக் கரடியாக்குவது சுலபம். பட்டுக்கரை, மாலை, நெற்றிச்சுட்டி எல்லாம் வந்தன. கை?

கைதான் வரவில்லை. மனுஷக் கை போட்டு மேலே ரோமம் வரைந்தேன்… கரடி வேஷம் போட்ட யாரோ வீட்டுக்குள் புகுந்த மாதிரி இருந்தது. சரி, நிஜப் பாதமாகப் போடுவோம் என்று ஒரு பெரிய வட்டம், மேலே நாலு புள்ளி வைத்தேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "கோகுலாஷ்டமிக்கு இன்னும் நாள் கிடக்கே" என்றார். சின்னக் கண்ணன் காலடி போடுவோமே, அதேதான். தப்பிப்பதற்காகக் கையையே மறைத்துப் பார்த்தேன். இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள், ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்தவர்கள் மாதிரி.

வேறு வழியில்லாமல் யூடியூபில் போய்ப் பாடம் கற்றேன். எவ்வளவு விஷயம் இருக்கிறது தெரியுமா? விரல்களை முதலில் வரையவே கூடாதாம். பிறந்த குழந்தைக்கு மாட்டுவோமே விரல் பிரியாத குட்டிக் கையுறை, அந்த வடிவத்தைத்தான் முதலில் போட வேண்டும். அதில் கட்டைவிரலைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். பிறகுதான் மீதியைப் பிரிக்க வேண்டும். உள்ளங்கைத் திண்டு மெத்தென்று இருக்க வேண்டும். கரடிக்கு உள்ளங்கை அகலம், விரல் குட்டை, நகம் வெளியே தெரியும். பூனைக்கு எல்லாம் உருண்டை, நகம் உள்ளே மடங்கியிருக்கும். கல்யாணம் ஆனபின் பூனையின் நகம் தானாக வெளியே வரும் என்பது வீடியோவில் இல்லை. சொந்த அனுபவம்.

மாடலுக்கு என் கணவரை உட்காரவைத்தேன். கை நிறைய ரோமம், கரடிக்குப் பொருத்தம். "சுண்டு விரல நீட்டுங்க… மடக்குங்க… ஆட்டாதீங்க." பாவம், கடைக்குப் போக வேண்டிய மனுஷன், மிளகாய்க் கணக்கை வாய்க்குள் சொல்லியபடியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்ததுதான் முக்கியமான பாடம். விலங்குக் கைக்கு நாலு விரல் போதுமாம். ஐந்தைப் போட்டால் கை குண்டாகி வாழைச்சீப்பு தொங்குகிற மாதிரி ஆகிவிடும். போட்டுப் பார்த்தேன், உண்மைதான். நித்யாவிடம் கேட்டேன்.

"நாலு மதிம்மா. கார்ட்டூன்ல எல்லாம் அப்படித்தான்."

நாலு மதி என்றால் நாலு போதும். கழக்கூட்டம் போனபின் என் மகள் பாதி மலையாளத்தில்தான் பேசுகிறாள்.

"அப்ப சுண்டு விரல் எது?"

"கடைசியில இருக்கறது."

வம்பில்லாத பதில். நாலு நாலு விரலோடு கரடியும் பூனையும் அழகாக விரல் கோத்தார்கள். நித்யா வர்ணம் தீட்டினாள். சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினோம். என் கணவர் அக்காவுக்கும் அனுப்பினார், பதில் வராது என்று தெரிந்தே.

மற்றவர்களிடமிருந்து என்ன வந்தது? கட்டைவிரல் படம். கும்பிடு படம். 'நைஸ்'. அவ்வளவுதான். யாரும் ஒழுங்காகத் திறந்து பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை.

மதினி மட்டும் பார்த்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். எண்ணியிருக்கிறார்.

அவர் போனை வைத்த கையோடு விஷயம் ஊர் சுற்றத் தொடங்கியது. மத்தியானம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சித்தி கூப்பிட்டு, "மர மில்லுல கை மாட்டிக்கிட்டாம்லா, பாவம்" என்றாள். சாயங்காலம் சென்னையிலிருந்து ஒருவர், "கோயில் வாணவேடிக்கையில போச்சாமே" என்று துக்கம் விசாரித்தார். விரல் அதேதான், விபத்துதான் ஊருக்கு ஊர் வேறு.

மதினி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை தம்பியிடம் நேரடியாக.

"ஏலே, முழுசா வெரலு இருக்கற எம் மவன வேண்டாம்னுட்டு இப்படி ஒருத்தனயா பாத்த? அதையும் பத்திரிகையில போட்டுக் காட்டுதே. நம்ம புள்ளைய எவனோ ஏமாத்திட்டாம்ல."

என் கணவருக்குக் கோபம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. "அக்கா பேசிட்டா" என்றார் என்னிடம், போனைப் பொத்திக்கொண்டு. அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

நிரூபித்துவிட்டால் போயிற்று என்று அனூப்பிடம் ஒரு போட்டோ கேட்டோம். மரியாதை தெரிந்த பையன். அத்தைக்கு அனுப்புகிறோமே என்று கைகூப்பி வணக்கம் சொல்லி, ஒரு பக்கமாகத் திரும்பி நின்று, புன்னகையோடு எடுத்து அனுப்பிவிட்டான். கும்பிட்ட கையில் விரலை எங்கே எண்ணுவது?

"பாத்தியா… மறைக்காம்லா" என்றார் மதினி.

வீடியோ கால் போட்டோம். அனூப் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "அத்தை, பத்தும் உண்டு. எண்ணிக்கோளூ" என்றான். மதினி எண்ணினார். உள்ளங்கையைத் திருப்பச் சொன்னார். புறங்கையைத் திருப்பச் சொன்னார். "காலு?" என்றார். அந்தக் குழந்தை ஆபீஸ் கேன்டீனில் ஷூவைக் கழற்றிக் காலையும் காட்டியது.

முடிந்தது என்று நினைத்தோம். மதினியா விடுவார்?

"வீடியோல என்ன வேணா பண்ணுவாவ. ஏஐயில இப்ப ஆளே இல்லாம ஆளக் காட்டுதான், ஒரு வெரல ஒட்டத் தெரியாதா? நான் நேர்ல வாரேன்."

மறுநாள் ரயிலேறி வந்தே விட்டார். கையில் ஒரு பை அல்வா, மனசில் ஒரு பை சந்தேகம். என் கணவர் கடையைப் பாதியில் போட்டுவிட்டு, ரயில் நாகர்கோவில் தாண்டும் முன்பே ஸ்டேஷனில் போய் நின்றார். அனூப்பை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தோம். வந்தான். சொல்லிக்கொடுத்தபடி காலில் விழப் போனான். மதினி அதற்கு இடம் கொடுக்கவில்லை, நேராகக் கையைப் பிடித்தார்.

ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கி எண்ணினார். வலது கை. இடது கை. நாங்கள் மூன்று பேரும் கூடவே எண்ணினோம். எண்ணி முடித்தபின்னும் கையை விடவில்லை. திருப்பிப் பார்த்தார், கனம் பார்ப்பதுபோல ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கைதான்" என்றார். "பிடிச்சா விட மாட்டான்." பிறகு நித்யாவைப் பார்த்தார். "ஏட்டி, அத்தை மேல கோவமா?"

நித்யா போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். என் கணவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். "மிளகா நெடி" என்றார். அன்று அவர் மிளகாய்ப் பக்கமே போகவில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

விட்டாரா மதினி? பத்திரிகையைத் திருத்தியே ஆக வேண்டும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ம்… வை அந்த வெரல" என்று மேற்பார்வை. கரடிக்கு ஐந்தாவது விரலை வைத்தேன். பூனைக்கும் வைத்தேன். மதினி தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லால்லியே" என்றார். "முந்தியே அம்சமா இருந்துச்சு. எடுத்துரு."

எடுத்துவிட்டேன். இப்போது திருநெல்வேலிப் பக்கம் யார் போன் பண்ணிக் கேட்டாலும் பதில் சொல்வது மதினிதான். "கரடிக்கெல்லாம் நாலுதான், ஒனக்குத் தெரியாதா?"

கல்யாணம் முடியும்வரை ஊருக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். "நீ இன்னும் என்னென்ன தப்பு பண்ணி வச்சிருக்கியோ" என்று காரணமும் சொல்லிவிட்டார். நேற்று பந்திப் பட்டியலில் குறை. இன்று ரவிக்கைத் துணியில். என் கணவர் சாயங்காலம் போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அக்கா கூடத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டுவதைக் கேட்டபடி ஆனந்தமாகக் காபி குடிக்கிறார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கரடிக்கு ஐந்து விரல் ஒழுங்காக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மதினியும் ஒரு கும்பிடு படத்தைத் தட்டிவிட்டு இருந்திருப்பார். அதுகூட வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சொந்தக்காரர்களிடம் குறை பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பார்க்க ஒரு குறைகூட இல்லாத வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரர் ரயிலேறி வருவார்?

வரட்டும், பார்க்கட்டும்… இன்னும் கொஞ்சம் குறை கைவசம் வைத்திருக்கிறேன்.