பல்கனியில் நின்றவர்

பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். அடுப்பின் முகப்பில் ஒளிரும் பச்சை எண்களைப் பார்த்துவிட்டுத்தான் நான் பல்கனிக் கதவைத் திறந்தேன். மனைவி வேலை முடிந்து வர ஆறரை ஆகும், இன்னும் நேரம் இருக்கிறது என்று யோசித்ததால் அந்த எண்கள் மனதில் தங்கிவிட்டன.

ஏப்ரலில் வெயில் எறித்த முதல் சனிக்கிழமை அது. கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. பின்பக்கம் ஓர் ஒழுங்கை. அதற்கு அப்பாலும் எங்களுடையதைப் போன்ற வாடகை வீடுகள், அதே மாதிரிப் பல்கனிகள். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த கதவுகளையெல்லாம் சனம் அன்றைக்குத் திறந்து வைத்திருந்தது. நான் கையில் ஒரு நீளத் துவக்குடன் வெளியே போனேன்.

அது விளையாட்டுத் துவக்கு. பிளாஸ்டிக் மணி சுடுவது. என் மகளுடையது. அவளுக்கு இருபத்தொரு வயது, ஆரம்பப் பள்ளி ஆசிரியையாவதற்குப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு நகரத்துக்கு வெளியே ஒரு காட்டுக்குப் போய், முகமூடி போட்டுக்கொண்டு, ஒளிந்து நின்று ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவார்கள். எயர்சொஃப்ட் என்று பெயர். கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு நெஞ்சிடி. இலங்கையில் சுடுபவர்களிடம் தப்பி வந்த குடும்பத்தில் காசு கொடுத்துச் சுடப்படப் போகிற ஒரு பிள்ளை. "இந்தச் சாமான் இந்த வீட்டு வாசலுக்குள்ள வரக்கூடாது" என்று இரண்டு வருடமாகச் சொல்லி வந்தேன். நான் அதைச் சொல்கிற விதத்தை என் மனைவி கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டுவாள். மகளும் எனக்குப் பயந்து அதைச் சிநேகிதியின் காரிலேயே வைத்திருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பெட்டியோடு குசினிக்குள் வந்தாள்.

"அப்பா, கத்தாதேங்கோ. ஒரு உதவி."

அவளிடம் இருந்தது கைத்துப்பாக்கி வடிவிலான சின்னத் துவக்கு. பெட்டிக்குள் இருந்தது அதைப் பெரிதாக்குகிற கிட். கறுப்புப் பிளாஸ்டிக்கில் இரண்டு பாதியாக ஒரு கூடு, ஒரு நீளக் குழாய், தோளில் அணைக்கிற கட்டை, குறி பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. சின்னத் துவக்கைக் கூட்டுக்குள் வைத்து மூடி எட்டு ஆணியை முறுக்கினால் ஆமிக்காரன் தூக்குகிற மாதிரி ஒன்று வந்துவிடும். காலையிலிருந்து முயன்றிருக்கிறாள், சரிவரவில்லை. அடுத்த நாள் விளையாட்டு.

"எனக்கு உதெல்லாம் தெரியாது."

"ஏரோப்பிளேன் சாப்பாட்டு வண்டியெல்லாம் திருத்துறியள். இது பெரிய வேலையோ?"

"வண்டி ஆரையும் சுடாது."

"அதில போற சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாத்தனீங்களோ?"

நான் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற இடத்தில் அந்தத் தள்ளு வண்டிகளின் சில்லையும் பூட்டையும் திருத்துகிறவன். சிரித்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் இடையில் பல மாதங்களாகச் "சாப்பிட்டியோ?", "ஓம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என் கை வேலையை அவள் மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. எழும்பிப்போய், குறடும் திருகாணிச் சாவியும் கிடக்கிற என் ஆயுதப் பெட்டியைக் கொண்டுவந்தேன். இரண்டு வருடத்துச் சட்டம் இரண்டு நிமிடத்தில் போயிற்று.

பிழை எங்கே என்று பார்த்தவுடன் தெரிந்தது. கூட்டின் மேலே உள்ள பிடியை இழுத்தால் உள்ளே இருக்கிற துவக்கின் மேற்பாகமும் சேர்ந்து பின்னுக்கு வரவேண்டும். இடைவெளி அதிகம், இரண்டையும் பிணைக்கிற கொளுவி வழுக்கியது. ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் நகமளவு ஒரு துண்டு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, கொளுவிக்குக் கீழே வைத்து ஒட்டினேன். குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே உருண்ட ஆணியை அவள் படுத்துக் கிடந்து அகப்பையால் தட்டி எடுத்தாள். எட்டும் முறுக்கி முடித்து இழுத்தேன். 'டக்' என்று வந்தது. மகள் கை தட்டினாள். "அப்பா, நீங்கள் விசர் கெட்டிக்காரன்" என்றாள். அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கண்ணாடிக்குள் தெரிகிற சிவப்புப் புள்ளியை நேராக்குவது எப்படி என்று சிநேகிதியிடம் போனில் கேட்க மகள் தன் அறைக்குள் போனாள். குசினிக்குள் தூரம் போதாது என்று எனக்குப் பட்டது. அப்போதுதான் அடுப்பின் மணியைப் பார்த்தேன்.

ஒழுங்கை முடிகிற தொங்கலில் நின்ற மின்கம்பத்தைக் குறி பார்த்தேன். கட்டையைத் தோளில் அணைத்து, கன்னத்தைச் சரித்து, ஒரு கண்ணை மூடி. எனக்கு யாரும் பழக்கித் தந்ததில்லை. ஊரில் ஆமியின் சென்றிப் பொயின்றுகளில் எனக்கு முன்னால் நின்றவர்கள் பிடித்த விதம் கைக்குத் தெரிந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அந்தப் பக்கம் நின்றேன். பிடித்திருந்தது. கம்பத்தை விட்டு ஒரு புறாவை, அதை விட்டு எதிர்ப் பல்கனியில் காய்ந்த ஒரு துவாயை. துவாய்க்குப் பின்னால் ஒருவர் நின்றதை நான் காணவில்லை. ஒரு கதவு சாத்தப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே வந்து துவக்கை மேசையில் வைத்துத் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டேன். தண்ணீர் கொதித்து, ஊற்றி, பாதி குடித்திருப்பேன். ஒழுங்கையில் சத்தமில்லாமல் ஒரு பொலிஸ் கார் வந்து குறுக்கே நின்றது. பிறகு முன்தெருவில் மூன்று. ஒலிபெருக்கியில் பிரெஞ்சு. எனக்குக் கடைத்தெருப் பிரெஞ்சுதான் வரும். அந்த வேகத்தில் எங்கள் வீட்டு இலக்கம் மட்டும் விளங்கியது.

மகள் அறைக்குள்ளிருந்து வந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை. குரல் மட்டும் வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளோடு கதைக்கிற குரலாக இருந்தது.

"அப்பா, கோப்பையை வையுங்கோ. ஒண்டும் எடுக்காதேங்கோ. போனையும் எடுக்காதேங்கோ. ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால வாங்கோ."

"நான் முன்னுக்குப் போறன்."

"உங்களுக்கு அவங்கள் சொல்லுறது விளங்காது. பிழையா ஒண்டு செய்தா சுட்டுப்போடுவாங்கள். பின்னால வாங்கோ."

எங்கள் வீட்டு வெளிப்படி இரும்பு. வளைந்து இறங்கும். உருகிய பனி வழிந்து ஈரமாக இருந்தது. கைப்பிடியைப் பிடிக்காமல், இரண்டு கையையும் மேலே வைத்துக்கொண்டு அதில் இறங்கிப் பாருங்கள். எனக்கு முன்னால் என் பிள்ளையின் கழுத்து. அதற்கு முன்னால் கார்க் கதவுகளுக்குப் பின்னே நீட்டிய துவக்குகள், உண்மையானவை. அவள் ஒவ்வொரு படிக்கும் "மெதுவா அப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

கீழே ஊத்தைப் பனியில் முழங்காலில் இருத்தி இருவருக்கும் விலங்கு போட்டார்கள். ஒரு பொலிஸ்காரர் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் கேட்டார், பல்கனியில் துவக்கோடு நின்றது யார் என்று. எதிர்வீட்டுக்காரர் கண்டது கறுப்பு மேற்சட்டையும் நீளத் துவக்கும்தான். நாங்கள் இருவருமே கறுப்பு மேற்சட்டை போட்டிருந்தோம்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

சீருடை கேட்டால் முதல் பதில் "தெரியாது". அது எங்கள் ஆட்களுக்கு நாக்கில் பழகிப்போன ஒன்று, யோசித்து வருவதில்லை. இதைத்தான் நான் மூன்று கிழமையாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழு உண்மை இதுவல்ல. அங்கே, ஊரில், பெற்றவர்கள் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகத் "தெரியாது" என்றார்கள். நான் சொன்ன அந்த நொடியில் என் கண்ணுக்குள் வந்தது என் விமான நிலையப் பாஸ். பொலிசில் ஒரு பதிவு விழுந்தால் அது போகும். அது போனால் வேலை போகும்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதிசயமோ கோபமோ இல்லை. பிறகு பொலிஸ்காரரைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னாள், நின்றது தான்தான் என்று. அவ்வளவு எனக்கு விளங்கியது.

நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, பேசாம இருங்கோ," என்றாள் தமிழில், உதடு அசையாமல். "உங்கட பாஸ்."

நான் பேசாமல் இருந்தேன்.

மேலே போனவர்கள் துவக்கைக் கொண்டுவந்து காரின் முன்மூடியில் வைத்துப் பிரித்தார்கள். கொளுவிக்குக் கீழிருந்து ஐஸ்கிறீம் மூடித் துண்டு விழுந்தது. வயதான பொலிஸ்காரர் ஒருவர் அதைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்து, இதைச் செய்தது யார் என்று கேட்டார். மகள் முந்திக்கொண்டாள். அதுவும் தான்தான் என்றாள்.

விலங்கைக் கழற்றிவிட்டு அவர் ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார். "இருபது மீற்றர் தூரத்தில் எனக்கு இதற்கும் உண்மையானதற்கும் வித்தியாசம் தெரியாது. படியில் இவளுடைய கை ஒரு தரம் கீழே வந்திருந்தால் இப்போது நான் உங்களோடு வேறு விதமாகக் கதைத்திருப்பேன்." அவளுடைய பெயரையும் பிறந்த திகதியையும் கொப்பியில் எழுதினார். வழக்கு வருமோ வராதோ, பிறகு அறிவிப்போம் என்றார். துவக்கைக் கொண்டுபோனார்கள். என்னுடைய பெயரை யாரும் கேட்கவில்லை.

இன்னும் அறிவித்தல் வரவில்லை. செப்டெம்பரில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும். அதற்கு முன் பொலிஸ் பதிவு பார்ப்பார்கள். அந்த வயதான பொலிஸ்காரர் போகும்போது தந்த, தொலைபேசி இலக்கம் போட்ட அட்டை என் பணப்பையில், பாஸுக்குப் பின்னால் இருக்கிறது. தினமும் காலையில் டோர்வலில் பாஸை இழுக்கும்போது அட்டையும் சேர்ந்து விரலில் தட்டுப்படும். இன்றுவரை அந்த இலக்கத்தை நான் அழைக்கவில்லை. மகள் என்னோடு முன்னைவிட நன்றாகக் கதைக்கிறாள். தேத்தண்ணி போட்டுத் தருகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனைவிக்கு இன்னும் தெரியாது. இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுக்கவேண்டும்.

அன்று பொலிஸ் கார்கள் போன பிறகு நாங்கள் இருவரும் மேலே ஏறவில்லை. கீழ்ப்படியில் ஈர முழங்கால்களோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஆறரைக்கு என் மனைவி பஸ்ஸால் இறங்கி வந்தாள். முதியோர் இல்லக் குசினி உடுப்பு, கையில் மிச்சச் சூப்புப் போத்தல். எங்கள் கோலத்தைக் கண்டு ஓடி வந்து இருவரையும் தடவிப் பார்த்தாள்.

"என்ர விளையாட்டுத் துவக்கு, அம்மா," என்றாள் மகள். "பல்கனியில வச்சுப் பாத்தனான். பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டு போட்டுது."

நான் நிலத்தைப் பார்த்தேன். மனைவி சூப்புப் போத்தலைப் படியில் வைத்தாள். என் தோளில் ஒரு கையை ஆதரவாக வைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கத்தினாள்:

"இந்த மனிசன் ரெண்டு வருசமாத் தலைப்பாடா அடிச்சுச் சொன்னவர், அது வாசலுக்குள்ள வரக்கூடாதெண்டு. ஒருநாளாவது அப்பான்ர சொல்லைக் கேட்டனியோடி?"